வாழையைப் பதிய ஏலாது

கப்பல்துறை என்ற ஊரில் இராசமலரின் தோட்டம் எது என்று கேட்டால் ஊரார் ஒரே அடையாளம்தான் சொல்வார்கள்: மரமே இல்லாத காணி. கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் மண் ஒழுங்கையில் எல்லா வளவுகளிலும் மாவோ வேம்போ தேக்கோ நின்று வழிக்கு நிழல் போடும். அவளுடைய அரை ஏக்கரில் மட்டும் வெயில் நேரே விழும். கதலியும் மொந்தனும் கூட்டம் கூட்டமாக நிற்கும். இடையில் பப்பாசி, வேலியோரமாகக் கத்தரியும் கொச்சி மிளகாயும், பாத்தி பாத்தியாகப் பொன்னாங்காணி. எல்லாம் கத்தியால் ஒரு வெட்டில் சாய்க்கக்கூடியவை. வேலியில்கூட நட்டால் துளிர்க்கும் உயிர்க் கதியால் இல்லை. அவர்கள் வந்த புதிதில் ஒரு நிவாரண நிறுவனம் கொடுத்த சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும்தான்.

அவளுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று யாரும் நினைக்க முடியாது. அவள் பிறந்து வளர்ந்து கலியாணம் கட்டியது ஈச்சிலம்பற்றில். அங்கே அவர்களுடைய வளவில் பலா, மூன்று இனத்தில் மா, தோடை, தேசி, வரிசையாகத் தென்னை எல்லாம் நின்றன. தொண்ணூறில் ஒருமுறை சண்டைக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பாதி எரிந்திருந்தது. மறுபடி வைத்தார்கள். அவளும் கணவன் குணரத்தினமும் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பலா முதல் காய் காய்த்த வருடத்தில், இரண்டாயிரத்து ஆறில், ஷெல் விழத் தொடங்கியது. மகள் பிரசாந்தினியைக் கையில் பிடித்துக்கொண்டு வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போனார்கள். அங்கிருந்தும் ஓடி முகாமுக்குப் போனார்கள்.

அடுத்த வருடம் பார்க்க வந்தபோது தென்னைகளைத் தறித்துப் பதுங்குகுழிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாக்கள் கருகி நின்றன. பலா நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை. குணரத்தினம் அதன் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குப் பச்சை கிடக்கு, மலர். துளிர்க்கும்," என்றார். இராசமலர் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குக் கூரை இல்லாததைப் பார்த்து அவள் அழவில்லை. வீட்டை மாதக்கணக்கில் கட்டிவிடலாம். பலாவை அப்படிக் கட்ட முடியாது.

சீனக்குடாப் பக்கம் குணரத்தினத்துக்கு மேசன் வேலை கிடைத்ததால் கப்பல்துறைக்கு வந்தார்கள். ஒழுங்கையின் ஒரு பக்கம் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. மறுபக்கம் பற்றைக்காடாகக் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்கிப் பயிர் செய்யச் சொன்னார்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். "இப்ப செய்யுங்கோ, பத்திரம் பிறகு பார்ப்பம்," என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. பக்கத்து வளவுக்காரன் தர்சனுக்கும் அப்படித்தான். அவன் அப்போது கலியாணமாகாத பெடியன், புதிதாக ஆட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தான்.

முதல் மழைக்கே குணரத்தினம் எங்கிருந்தோ மூன்று மாங்கன்றுகள் கொண்டுவந்தார். கறுத்தக்கொழும்பான் ஒட்டு. அவள் அவற்றைத் தோட்டத்துக்குள் விடவில்லை.

"மரம் வைச்சா விட்டிட்டு ஓடேக்க நெஞ்சு வெடிக்குது. வாழையெண்டா விட்டிட்டு ஓடலாம். போற இடத்தில ஒரு குட்டியைத் தாட்டா அடுத்த வருசம் குலை."

"இனி ஏன் ஓடப்போறம்? சண்டைதான் முடிஞ்சிட்டுதே."

"தொண்ணூறுக்குப் பிறகும் நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள்."

கன்றுகள் இரண்டு கிழமை வீட்டுச் சுவரோரம் பையோடு கிடந்து வாடத் தொடங்கின. பிறகு இராசமலரே அவற்றைத் தூக்கிக் கம்பிவேலிக்கு மேலால் தர்சனிடம் கொடுத்தாள். "வைக்கிறதெண்டா வை, தம்பி. இஞ்ச கிடந்தா செத்துப்போகும்." அவன் வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்றையும் நட்டான்.

அவளுடைய கணக்குப் பிசகவில்லை, நெடுங்காலம். வாழை அவர்களைக் காப்பாற்றியது. கிண்ணியாவிலிருந்து குலை வியாபாரி ஸஹாப்தீன், அண்ணன் முறைக்கு அவள் நானா என்று கூப்பிடுபவர், தன் சின்னப் பட்டா லொறியில் வந்து குலைகளை ஏற்றிக்கொண்டு போவார். வாழைப்பொத்தியும் இலையும் கீரையும் அவள் தானே பஸ்ஸில் நகரச் சந்தைக்குக் கொண்டுபோவாள். ஒரு தண்டு குலை போட்டுச் சாயும்போது பக்கத்தில் இரண்டு குட்டிகள் இடுப்பளவு நிற்கும். எந்த நேரமும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. பிரசாந்தினி அந்தக் காசில்தான் படித்தாள், லிங்கநகரில் கலியாணம் கட்டிப் போனாள். குணரத்தினத்தின் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்திலும் தோட்டம்தான் உலை வைத்தது.

அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, முற்றத்துக் கதிரையில் இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா சாய்ஞ்சிருக்க ஒண்டும் இல்லை," என்றார். அவள் உள்ளே போய்த் தலையணை எடுத்துவந்து அவர் முதுகுக்கு வைத்தாள். அவர் கேட்டது அதையல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவர் போய் நாலு வருடம் கழித்து, துறைமுகத்தோடு சேர்ந்த ஏதோ பெரிய வேலைக்குக் களஞ்சியங்கள் கட்டப் போகிறார்கள் என்ற கதை ஊருக்குள் வந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கக் காணிகள் வேண்டுமாம். வீடுகளைத் தொடமாட்டார்களாம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட நிலையான பயிர் நிற்கிற காணியை வைத்திருப்பவருக்கே விடுவார்களாம். மற்றதெல்லாம் வெறுங்காணிக் கணக்கு.

பார்வையிட வந்தவள் ஓர் இளம் உத்தியோகத்தர். வெயிலுக்குத் தொப்பி போட்டு, நில அளவைக்காரர் இருவரோடு வந்தாள். இராசமலர் அவளுக்கு இளநீர் வாங்கி வைத்திருந்தாள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிறகு அந்தப் பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"மரம் ஒண்டும் இல்லையோ, அம்மா?"

"இவ்வளவு வாழை நிக்குது, மிஸ்."

"வாழை மரமில்லை, அம்மா. உள்ளுக்குக் கட்டை இல்லை. இலைமடல் சுத்தித்தானே தண்டு மாதிரி நிக்குது. பப்பாசியும் எடுக்க ஏலாது, அதுவும் மெல்லிய தண்டு. வைரம் பாயிற மரம்தான் பதியலாம். அதிலதான் வயசு தெரியும்."

"வயசோ? இந்தக் கூட்டம் நாங்கள் வந்த வருசம் வைச்சது. இண்டைக்கும் அதே இடத்திலதான் நிக்குது. தாய் போகக் குட்டி, குட்டி போக அதின்ர குட்டி. ஒரு நாள் வெறுமையாக் கிடந்ததில்லை."

"எனக்கு விளங்குது. ஆனா இப்ப நிக்கிற தண்டுக்கு ஒரு வயசுகூட இல்லையே. போன வருசம் வைச்சதெண்டு ஒராள் சொன்னா நான் என்னெண்டு இல்லையெண்டிறது?"

"ஊரைக் கேளுங்கோ, மிஸ். தர்சனைக் கேளுங்கோ."

"ஆக்கள் சொல்லுறதை எடுக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுவினமாம். நிக்கிறதை மட்டும்தான் எழுதச் சொன்னவை."

இராசமலர் அவளை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று வருடமாகக் கவாத்துப் பண்ணிப் பண்ணிக் காய்க்கவைத்த ஒரு கத்தரி அங்கே நின்றது. மண்ணைத் தள்ளி அடித்தண்டைக் காட்டினாள். அது சாம்பல் நிறத்தில் தடித்து, விறகுபோல் இறுகியிருந்தது. "இதைத் தொட்டுப் பாருங்கோ. கட்டைதானே? கொச்சியும் அப்பிடித்தான், அடி கட்டையாப் போச்சு."

அந்தப் பிள்ளை குனிந்து தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அளவைக்காரர்களில் ஒருவன் சிரித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடங்கிப்போனான்.

"அம்மா, கத்தரியை மரமெண்டு நான் எழுதினா என்னைத்தான் வேலையால நிப்பாட்டுவினம். வாழையைப் பதிய ஏலாது. ஆவணியில எங்கட கந்தோர்ப் பெரியவர் ஒராள் திரும்பப் பார்க்க வருவார். அதுக்குள்ள ஏதாவது..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

அடுத்து தர்சனின் வளவுக்குப் போனார்கள். அவனுடைய மூன்று மாவும் கூரையைவிட உயர்ந்து, கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்றன. அளவைக்காரன் நாடாவைச் சுற்றி அளந்து சத்தமாகச் சொன்னான். தர்சன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற இராசமலரைப் பார்த்தான். பிறகு உத்தியோகத்தரிடம் சொன்னான்: "மிஸ், இந்தக் கண்டு மூண்டும் மலரக்கா தந்தது. அவைக்கெண்டு குணரத்தினம் அண்ணர் கொண்டுவந்தது. அவவின்ர காணியில நிக்கவேண்டியது."

"நிக்கிறது உங்கட காணியிலதானே, அண்ணா," என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது.

அன்று இரவு இராசமலர் சாப்பிடவில்லை. மறுநாள் ஸஹாப்தீன் குலை எடுக்க வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் லொறிக் கதவில் கையூன்றிக்கொண்டு கேட்டார். பிறகு அவள் கேட்டதுதான் அவருக்கே எதிர்பாராதது.

"நானா, வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வைக்கலாமோ?"

"சின்னதெண்டா வெக்கலாம். பெருசு புடிக்காது, தங்கச்சி. அதுவும் இந்தக் கச்சான் காத்துக்குள்ள."

"வீதி அகலமாக்கிறதுக்கு ஒரு வேம்பை விழுத்தப் போகினம். ஆக்களைக் கேட்டு வைச்சிருக்கிறன். விறகுக்குத்தானே போகப்போகுதெண்டு தாறமெண்டினம்."

ஸஹாப்தீன் கதவிலிருந்து கையை எடுத்தார். "நாளைக்குக் காலயில வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தொடைப் பருமனான வேம்பு. கொப்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, தர்சனும் ஸஹாப்தீனும் இன்னும் இரண்டு பேரும் அலவாங்கும் மண்வெட்டியுமாக மத்தியானம்வரை கிண்டினார்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கியிருந்தது. கடைசியில் அதைக் கோடாலியால் வெட்டத்தான் வேண்டியிருந்தது. வெட்டும்போது இராசமலர் மறுபக்கம் திரும்பி நின்றாள். வேர்மண்ணை ஈரச் சாக்கால் சுற்றி லொறியில் ஏற்றினார்கள். தோட்டத்தின் நடுவில், அந்தப் பழைய கதலிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி நிறுத்தினார்கள்.

அவள் நாள்தோறும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். குழாய் நீர் எட்டினாலும் குடத்தில்தான் கொண்டுபோனாள். வாழைமடலைக் கிழித்து ஈரமாக்கி அடிமரம் முழுவதும் சுற்றினாள். கச்சான் காற்று நாள் முழுவதும் சுட்டது. பொன்னாங்காணிப் பாத்திகள் வாடின, கவனிக்க அவளுக்கு நேரமில்லை. பிரசாந்தினி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, விசர் வேலை? விட்டிட்டு எங்களோட வந்து இருங்கோவன்," என்றாள். இராசமலர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, "துளிர்க்கட்டும், பிறகு கதைப்பம்," என்றாள்.

துளிர்த்தது. வெட்டிய கொப்பின் கணுவில் செம்பு நிறத்தில் நாலைந்து தளிர்கள் ஒரு காலையில் எட்டிப் பார்த்தன. அவள் ஓடிப்போய் தர்சனைக் கூட்டிவந்து காட்டினாள். கணவன் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அவன் கண்டதில்லை. அவனும் சந்தோசப்பட்டான். ஸஹாப்தீன் பார்த்தார். தளிரை விரலால் தூக்கிப் பார்த்தார். மரத்துக்குள் ஏற்கெனவே இருந்த சத்தில்தான் இப்படி முளைக்கும், வேர் பிடித்ததற்கு அது அத்தாட்சியில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. "மாஷா அல்லாஹ்," என்றார், லொறியில் ஏறினார்.

ஆவணி பிறப்பதற்குள் தளிர்கள் நுனியிலிருந்து கறுத்தன. தொட்டால் பொடிந்தன. இராசமலர் இன்னும் கூடத் தண்ணீர் ஊற்றினாள். சுற்றியிருந்த மடலை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

பெரியவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், அதிகம் பேசாதவர். பின்னால் அந்த இளம் உத்தியோகத்தரும் நின்றாள். அவர் நேரே வேம்பிடம் போனார்.

"இது எப்ப வைச்சது?"

இராசமலர் தன் வாழ்நாளில் பெரிதாகப் பொய் சொன்னவளல்ல. ஆனாலும் அன்று, "நாங்கள் வந்த வருசம்," என்றாள்.

அவர் மடலை விலக்கி, பேனாமூடியால் பட்டையைச் சுரண்டினார். பட்டை உலர்ந்து, தோலாகக் கழன்று வந்தது. உள்ளே பழுப்பு. பச்சை ஒரு கோடுகூட இல்லை. பிறகு ஒரு கையை வைத்து மெல்லத் தள்ளினார். மரம் முழுதும் அசைந்து, அடியில் மண் வாய்பிளந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த இளம் உத்தியோகத்தர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கையைத் தட்டித் தூசியை உதறினார்.

"இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் கருணை அடிப்படையில் ஏதாவது எழுதிப் பார்த்திருக்கலாம், அம்மா," என்றார். உண்மையாகவே எழுதியிருப்பாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வசனம்தான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

தர்சனின் காணி அவனுக்கே கிடைத்தது. அவன் அன்று பின்னேரம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நான் கேக்கேல்லை, மலரக்கா. அவங்களா எழுதிட்டாங்கள்," என்றான். "எனக்குத் தெரியும், தம்பி. நீ வைச்சனீ, வளர்த்தனீ. உன்னிலை என்ன பிழை," என்று அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்தான். அதற்குப் பிறகு ஒழுங்கையில் அவளைக் கண்டால் ஆட்டோவை மெதுவாக்குவான், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டான்.

மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் புரட்டாசியில் வந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஸஹாப்தீன் விடியவே வந்து, அவளோடு சேர்ந்து நல்ல குட்டிகளாகப் பார்த்துக் கிண்டி லொறியில் அடுக்கினார். இருந்த குலைகள் முற்றாமலே வெட்டப்பட்டன. மிஞ்சியவற்றைப் பெக்கோவின் வாளி தொட்டதும் அவை சத்தமில்லாமல் சாய்ந்தன. மரம் முறிகிற ஓசை எதுவும் கேட்கவில்லை. ஈரத்துணியைத் தரையில் போடுவது போல ஒரு சத்தம் மட்டும். சாறு ஓடி மண் கறுத்தது. வேம்பை அது கவனித்ததாகவே தெரியவில்லை. மத்தியானத்துக்கு முன் அரை ஏக்கரும் வெளியாகிவிட்டது. பாதிப் பகல்கூட ஆகவில்லையே என்று இராசமலர் முணுமுணுத்ததைப் பக்கத்தில் நின்ற பிரசாந்தினி கேட்டாள்.

"அம்மா, மரமா நிண்டிருந்தாலும் தள்ளித்தான் இருப்பாங்கள்," என்றாள் மகள், ஆறுதலாக.

"இல்லை, பிள்ளை. மரமா நிண்டிருந்தா வந்திருக்கவே மாட்டாங்கள்," என்றாள் தாய்.



பிரசாந்தினி அவளை லிங்கநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வளவு முழுக்கச் சீமெந்து போட்டிருந்தார்கள். சேலை உலர்த்தும் கொடி ஒன்றுதான் அசைகிற பொருள். மாதம் முடிவதற்குள் இராசமலர் திரும்பி வந்துவிட்டாள். கை வேலை கேட்கிறது என்று காரணம் சொன்னாள். கப்பல்துறை வீட்டுக்கு எதிரே அப்போது மதில் எழும்பியிருந்தது. குசினி ஜன்னலைத் திறந்தால் சாம்பல் நிறச் சுவர். குடாவிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றுவிட்டது.

இப்போது அவள் நிலாவெளி வீதியில் ஒரு விடுதியின் குசினியில் மரக்கறி வெட்டுகிறாள். காலையில் பஸ், பின்னேரம் பஸ். கீரைக்கட்டு வந்தால் நரம்பு பார்த்து முற்றலைத் தள்ளுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். அதைச் சொன்னால் அவள் தலையைத் தூக்குவதில்லை.

ஸஹாப்தீனை ஒருநாள் சந்தை வாசலில் கண்டாள். அவர் கிண்ணியாவில் தன் வளவுக்குப் பின்னால் அவளுடைய குட்டிகளைத் தாட்டிருந்தார். "எல்லாம் புடிச்சிட்டு, தங்கச்சி. கதலி பொத்தி தள்ளிரிக்கி. ஒங்கட வாழைதான், நான் சும்மா தண்ணி ஊத்திறன். ஒரு நாளைக்கு வந்து பாத்திட்டுப் போங்க. பாலத்தைத் தாண்டினா அரை மணித்தியாலம்."

"ஓம் நானா, வாறன்," என்றாள்.

அவர் மறுபடி இரண்டு முறை சொல்லியனுப்பினார். முதல் குலையை வெட்டாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அது பழுத்து, வௌவால் தின்று, மிச்சம் நிலத்தில் விழுந்தது. கிண்ணியா பஸ் விடுதி வாசலில் நிற்காது, நகரத்தில் மாற வேண்டும் என்று பிரசாந்தினியிடம் சொன்னாளாம். நகரத்தில் அவள் தினமும்தான் பஸ் மாறுகிறாள்.